குழுத் தொடர்பாளர் என்பார் யார்?

இணைய அரட்டை என்றதும், பொழுதுபோக்காகக் கூடிப் பேசிக் கலையும் ஒரு கூட்டமே பலர் மனத்தில் தோன்றும். அரட்டை என்னும் சொல்லும் அவ்வெண்ணத்துக்கே துணைசெய்கின்றது. ஆயின், உலகின் பல மூலைகளில் இருந்துகொண்டு பொதுநலங் கருதி ஒரே பணியைச் செய்வோர்க்கு அவ்வலையே மன்றம், அதுவே அலுவலகம், சிலவேளை அதுவே பள்ளிக்கூடமும் ஆகின்றது. அம்மன்றத்திலே ஒரு பணிக்குழுவின் சார்பாக நின்று, வலையை நடத்துவோருடன் பேசும் உரிமை பெற்றவர் ஒருவர் உளர். அவரைக் குழுத் தொடர்பாளர் என்பர். அவர் கடமை யாது, அப்படியொருவர் வேண்டப்படுவது ஏன், அவர் இல்லாதவிடத்து நேரும் கேடு யாது என்பவற்றை இங்கே ஆராய்வாம். திரியாயிலும் குச்சவெளியிலும் பிறந்து இக்கல்லூரியிற் பயின்றோர்க்கு இதனால் ஆவது என்னை என வினவுவாரும் இருப்பர். அவ்வினாவுக்கு விடை பின்னர் வரும்.

முதற்கண் வலையின் இயல்பை அறிதல் வேண்டும். 1988 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பின்லாந்து நாட்டின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினன் என்பார் ஓர் உரையாடற் செயலியை ஆக்கினார். ஐ.ஆர்.சி. என மூன்றெழுத்தால் வழங்கும் இணையத் தொடர் அரட்டை அதிலிருந்து பிறந்ததே. ஒரு கணினியில் எழுதிய வரி மறுகணமே அரங்கிலுள்ள அனைவர்க்கும் தெரியும். படமில்லை, ஒலியில்லை, எழுத்து மட்டுமே. 1991 ஆம் ஆண்டு வளைகுடாப் போர் நிகழ்ந்தபோதும், அவ்வாண்டு ஆகஸ்ட்டில் மொஸ்கோவில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றபோதும், செய்திகள் இவ்வழியாக உடனுக்குடன் வெளிவந்தமையால் இதன் பெயர் பரவலாயிற்று. பேசுமிடத்தை ஆங்கிலத்தில் வாய்க்கால் எனப் பொருள்படும் சொல்லால் அழைப்பர். நாம் அரங்கு என்கின்றோம். திருக்கோணமலை இந்துக் கல்லூரியிற் பணியாற்றியவரும், சென்னையிலே கூடிய கலைச்சொல்லாக்க அறிஞர்க்குத் தலைமை தாங்கியவருமான சுவாமி விபுலாநந்தர் இன்றிருப்பின் இதனினும் பொருத்தமான சொல் ஒன்று தந்திருப்பர்.

ஐ.ஆர்.சி. வலையில் ஒரே கணினி எல்லாப் பாரத்தையும் சுமப்பதில்லை. பல கணினிகள் கிளைவிட்ட மரம்போல் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு கிளை முறிந்தால் மரம் இரு கூறாகும். ஒரு கூற்றிலிருப்போர் மறுகூற்றிலிருப்போரைக் காணார். சற்றுப் பொழுதில் இணைப்பு மீளும். ஆனால் அவ்விடைவேளையில் ஒரு தீமை நிகழ்தற்கு இடமிருந்தது. தொடக்க காலத்தில் ஓர் அரங்கு யாருடையது என எழுதிவைக்கும் ஏடு எதுவும் வலையில் இருந்ததில்லை. வெறுமையாய்க் கிடக்கும் அரங்கினுள் முதலில் நுழைந்தவரே அதன் தலைவர். ஆகலின், மரம் பிளந்த வேளையில் ஆளில்லாக் கூற்றில் நுழைந்து தலைமையைப் பற்றிக்கொண்டு, இணைப்பு மீண்டதும் உரியவர்களை வெளியே தள்ளிக் கதவடைப்பது சில இளைஞர்க்கு விளையாட்டாயிற்று. நெடுநாட் கூடிப் பேசிய குழுவொன்று ஓரிரவில் தன் இடத்தை இழந்துவிடும், முறையிடுதற்கும் ஆளிராது. இக்கேட்டைப் போக்கவே பெயர்களையும் அரங்குகளையும் பதிந்து காக்கும் காவற்செயலிகள் பின்னர்ப் பல வலைகளில் அமைந்தன. தனியாள் பெயரைக் காப்பது ஒன்று, அரங்கைக் காப்பது மற்றொன்று. கடவுச்சொல் கூறினாலன்றி அவை எவரையும் உரியவரென ஏற்பதில்லை.

எனினும் பதிவேடு ஒன்றே போதியதாகுமா? ஏட்டில் இராமன் பெயர் இருக்கின்றது. இராமன் ஈராண்டாய் வரவில்லை. அரங்கு பாழ்பட்டுக் கிடக்கின்றது. இலக்குவன் வந்து, யாம் ஒரே குழுவினரே, சாவியைத் தருக என்கின்றான். வலையை நடத்துவோர் அவனை நம்புவது எங்ஙனம்? இவ்விடத்தேதான் தொடர்பாளரின் தேவை பிறக்கின்றது.

இதனை முறையாக வகுத்த வலைகளுள் முதன்மையானது பிரீநோட் என்பது. ரொப் லெவின் என்னும் அமெரிக்கர், லினக்ஸ் கற்போர்க்கு உதவுவதற்கென ஓர் அரங்கைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து தனி வலையாகி, 2002 இல் பிரீநோட் எனப் பெயர் பெற்றது. 2006 செப்ரெம்பரில் ஹூஸ்ரன் நகரில் சைக்கிளிற் சென்றபோது மோட்டார் வண்டி மோதி அவர் இறந்தார். அவர்க்குப் பின்னும் தொண்டர்கள் வலையை நடத்திவந்தனர். விலையின்றி வழங்கும் மென்பொருள்களை ஆக்குவோரும், விக்கிப்பீடியாவை எழுதுவோரும், இன்னும் இவைபோன்ற பொதுப்பணி செய்வோரும் அங்கேதான் கூடினர்.

பிரீநோட் வகுத்த விதி எளியது. அரங்கின் பெயர் '#' என்னும் குறியொன்றால் தொடங்கினால் அப்பெயர் ஒரு பணிக்குழுவுக்கு உரியது. அக்குறி இரட்டித்து வந்தால் அது பொதுப்பொருள் பற்றிப் பேசும் இடம். முதலிற் பதிந்தவர் பார்த்துக்கொள்வார். 'உபுண்டு' என்னும் பெயரும், அதனைத் தொடர்ந்து சிறுகோடிட்டு எழுதப்படும் கிளைப்பெயர்கள் யாவும் உபுண்டுக் குழுவினர்க்கே உரியன. வேற்றாள் ஒருவர் முந்திப் பதிந்திருந்தாலும் குழு வந்து கேட்குமாயின் பெயர் குழுவுக்கே செல்லும். காணியுறுதியைப்போல் இதற்கும் சான்று வேண்டும். தம்மைத் தொடர்பாளரென்று கூறுவோர் உண்மையிலே குழுவால் நியமிக்கப்பட்டவரா என்பதைக் குழுவின் இணையத்தளத்தாலோ அதன் முகவரியிலிருந்து வரும் மடலாலோ வலையினர் உறுதிசெய்வர். சான்று தேறியபின்பே அவர் பெயர் தொடர்பாளரென ஏட்டில் ஏறும்.

இனி அவர் செய்வன யாவை? தம் குழுவின் பெயரால் அமைந்த அரங்குகளுக்கு உரிமை கூறுதல். பாழ்பட்ட அரங்கை மீட்டு வேறொருவரிடம் ஒப்புவித்தல். வலையினர் விடுக்கும் அறிவித்தலைக் குழுவுக்கும், குழுவின் முறைப்பாட்டை வலையினர்க்கும் கொண்டுசெல்லுதல். நாள்தோறும் அரங்கில் அமைதி காப்பது அவர் வேலையன்று. அதற்கு அரங்குக் காவலர் வேறாக உளர். இவ்விரு பதவியையும் ஒன்றென மயங்குவோர் பலர். துறைமுக நகரின் அயலிலே வாழும் எமக்கு இவ்வேறுபாட்டை விளக்குதல் அரிதன்று. கப்பலை நடத்துபவர் கப்பித்தான். கரையிலே நின்று, துறைமுக அதிகாரியோடு பேசி, கப்பலுக்கு இடமும் நீரும் அனுமதிச்சீட்டும் பெற்றுக்கொடுப்பவர் கப்பல் முகவர். முகவர் சுக்கானைத் தொடுவதில்லை. ஆயினும் அவரில்லாத கப்பல் வெளித்துறையில் நங்கூரமிட்டுக் காத்துக்கிடக்க வேண்டியதே.

தொடர்பாளரின் பணிகளுள் வெளியார் அறியாத ஒன்றுண்டு. அதுவே எமது எண்ணத்தில் அவற்றுள் மேலானது. ஐ.ஆர்.சி. வலையில் ஒருவர் நுழைந்ததும் அவருடைய கணினியின் இணைய முகவரி பிறர் பார்வைக்குப் படும். அம்முகவரியைக்கொண்டு அவர் எந்நாட்டினர், எந்த நிறுவனத்தின் இணைப்பைப் பயன்படுத்துகின்றார் என்பவற்றை ஓரளவு உய்த்துணரலாம். தீயோர் அம்முகவரியை நோக்கித் தாக்குதலும் தொடுக்கலாம். இதனை மறைத்தற்கு வலையினர் ஒரு போர்வை வழங்குவர். முகவரி தோன்றுமிடத்தில் குழுவின் பெயரும், ஒரு சாய்கோடும், உறுப்பினர் பெயருமே தோன்றும். போர்வை மறைப்பது மட்டுமன்று. இவர் இக்குழுவினர் எனச் சான்றும் பகர்கின்றது. ஆகவே கேட்டவர்க்கெல்லாம் அதனை வழங்கலாகாது. யார்க்கு வழங்கலாம் எனக் குழுவின் சார்பில் விதந்துரைப்பவர் தொடர்பாளரே. விக்கிப்பீடியாவில் எழுதுவோர் எம்மொழியினராயினும், தம் கணக்கு உண்மையானதென மெய்ப்பித்துத் தொடர்பாளரிடம் விண்ணப்பித்தால் விக்கிமீடியாப் போர்வை பெறலாம். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவோர்க்கும் இவ்வழி திறந்தேயுள்ளது. இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில் தாம் இருக்குமிடம் பிறர்க்குப் புலனாகாமை எத்துணை அருமையான பொருள் என்பதை வடகிழக்கில் வாழ்ந்தோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

திருவள்ளுவர் தூதுக்கென ஓரதிகாரம் வகுத்தார். அதற்கு உரைகண்ட பரிமேலழகர் தூதரைத் தாமே வகுத்துக் கூறுவோர் எனவும், பிறர் கூறியதைச் சென்று கூறுவோர் எனவும் இருவகைப்படுத்துவர். குழுத் தொடர்பாளர் பெரும்பாலும் இரண்டாம் வகையினரே. குழு தீர்மானித்ததை உரைத்தலே அவர் எல்லை. ஆனால் முதல்வகைத் தூதராக நிற்கவேண்டிய நாளும் அவர்க்கு வருவதுண்டு. அத்தகைய நாள் 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்தது.

நிகழ்ந்தது இதுவே. பிரீநோட் என்னும் பெயரால் அமைந்த ஒரு நிறுவனம் 2017 இல் ஆன்ட்ரூ லீ என்னும் அமெரிக்கத் தொழிலதிபர் கைக்குச் சென்றிருந்தது. (கொரியாவின் பழைய அரச மரபினர் ஒருவரால் பட்டத்திளவரசராக அறிவிக்கப்பட்டவரும் இவரே. இணையத்தின் வரலாறு சிலவிடத்துப் புராணத்தையும் விஞ்சுகின்றது.) வலையின் நடைமுறையில் அதனால் மாற்றமெதுவும் நேராதென்றே தொண்டர்கள் எண்ணியிருந்தனர். 2021 இல் வலையின் ஆட்சி யாரிடத்தது என்ற பிணக்கு முற்றியது. சட்டப்படி அது தம்முடையது என்றார் லீ. நாள்தோறும் உழைத்து நடத்துவோர் யாமன்றோ என்றனர் தொண்டர்கள். மே 19 ஆம் நாள் அவர்களிற் பெரும்பாலோர் ஒருங்கே பதவி துறந்து, அன்றே லிபெரா என்னும் புதிய வலையைத் தொடங்கினர். அது சுவீடன் நாட்டில் இலாபநோக்கற்ற சங்கமாக அமைந்தது. ஒருவர் வாங்கவோ விற்கவோ இயலாதவாறு அமைய வேண்டுமென்பதே அவர்கள் கருத்து.

அக்கணத்திலிருந்து ஒவ்வொரு குழுவும் ஒரு முடிவெடுக்க வேண்டியதாயிற்று. நிற்பதா, பெயர்வதா? பெயரின் எங்கே? யார் தீர்மானிப்பது? தொடர்பாளர் பெயர் ஏட்டிலிருந்த குழுக்களுக்கு வழி தெளிவாயிருந்தது. புதிய வலையினரும் பழைய தொண்டர்களே; தொடர்பாளரை முன்னரே அறிந்தவர்கள். அதனால் பழைய உரிமையே புதிய இடத்திலும் சான்றாயிற்று. பெயர்கள் ஒதுக்கப்பட்டன, போர்வைகள் மீள வழங்கப்பட்டன, இணையத்தளங்களிலும் கைந்நூல்களிலும் பழைய முகவரி திருத்தப்பட்டது. விக்கிமீடியாவும் உபுண்டுவும் இவ்வாறே பெயர்ந்தன. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தாயகமான அறக்கட்டளையும் ஆராய்ந்து பார்த்து ஜூன் மாதத்திற் பெயர்ந்தது.

பழைய இடத்தில் நிகழ்ந்தது வேறு. மே மாத இறுதி வாரத்தில், தம் அரங்கின் முகப்பில் புதிய வலையின் பெயரை எழுதிவைத்திருந்த சுமார் 700 அரங்குகள் அவற்றின் பொறுப்பாளரிடமிருந்து பறிக்கப்பட்டன. பெயர்ந்துவிட்டோம், இங்கே வருக என்று வாயிலில் எழுதிய பலகையைக் கழற்றியெறிந்ததற்கு இஃது ஒப்பாகும். ஜூன் நடுப்பகுதியில் அவ்வலை வேறொரு மென்பொருளுக்கு மாறியபோது பழைய பதிவேடு முழுவதும் கைவிடப்பட்டது. இருபதாண்டுக்கு மேலாகச் சேர்ந்த பெயர்களும் உரிமைகளும் ஒருநாளில் இல்லையாயின.

பெயர் போனால் என்ன, வேறு பெயர் வைத்துக்கொள்ளலாமே என்பார்க்கு ஒன்று கூறுவோம். திரியாயில் ஒரு மாணவன் பழைய கணினியொன்றில் உபுண்டுவை நிறுவ முயல்கின்றான் எனக் கொள்வோம். எங்கோ சிக்கல் நேர்கின்றது. கைந்நூல் சொல்லும் அரங்குக்குச் சென்று உதவி வேண்டுகின்றான். அங்கிருப்போர் யாரென அவனறியான், பெயரைக்கண்டே நம்புகின்றான். இந்தக் கட்டளையைத் தட்டச்சுச் செய் என்று ஒருவர் கூறினால் தயங்காது செய்வான். அது கணினியிலுள்ள அனைத்தையும் அழிக்கும் கட்டளையாயின் அவன் கதி என்ன? அரங்கின் பெயரை நம்பி வருவோர் யாவரும் புதியவரே. பழகியவர்க்கு ஆட்களைத் தெரியும், பெயர் வேண்டுவதில்லை. ஆதலின் பெயரைக் காப்பது புதியவரைக் காப்பதேயாகும்.

திரியாய் என்றதனால் எமது மண்ணை நோக்குவோம். திருக்கோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் சாலையில் குச்சவெளிக்கு வடக்கே உள்ளது அவ்வூர். அங்குள்ள குன்றின் பாறையிலே வடமொழிச் சாசனமொன்று பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளது. கடல் கடந்து வாணிபம் செய்த வணிகர் கூட்டத்தாரை அது குறிப்பிடுகின்றது. ஆயிரத்திருநூறு ஆண்டுக்கு முன்னரே இக்கரையில் குழுவாய் இயங்கியோர், யாம் இன்னார் எனத் தம் பெயரைக் கல்லிற் பொறிக்கத் தவறினாரல்லர். கோணேசர் கல்வெட்டு என்னும் நூலும் எண்ணத்தக்கது. குளக்கோட்டன் திருக்கோயிற் பணிக்கெனத் தானத்தார், வரிப்பத்தார் என இரு சாராரைக் குடியேற்றினான் என்றும், அவர்களிடையே பிணக்கு நேரின் விசாரிக்க மதுரையிலிருந்து ஒருவனை வருவித்து வன்னிபமாக அமர்த்தினான் என்றும் அந்நூல் கூறும். ஐதிகமெனினும், இன்னார்க்கு இன்ன கடமை என வரையறுத்த தெளிவு அதில் உண்டு.

தமிழுக்கெனப் பேசும் தொடர்பாளர் வேறோரிடத்திலும் தேவைப்பட்டார். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் ஒருங்குறிச் சேர்த்தியத்தில், 2000 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழினுட்ப மன்றம் இணைப்பு உறுப்பினராக இடம்பெற்றது. 2010 இல் கிரந்த எழுத்துக்கு இடம் வகுக்கும் முன்மொழிவு எழுந்தபோது, தமிழுக்கே உரிய எ, ஒ, ழ, ற, ன ஆகியவற்றையும் கிரந்தத்தோடு சேர்ப்பதா என்னும் வினா தமிழறிஞரிடையே பெருங்கலக்கத்தை உண்டாக்கியது. எதிர்ப்பு எழுந்தது; ஆராய்வதற்கு அவகாசம் கேட்கப்பட்டது. கிரந்தம் ஒருங்குறியில் ஏறியது 2014 இலேயே. அவ்வாறு ஏறியமையால், திரியாய்ப் பாறையிலுள்ள வாசகத்தை இன்று கிரந்த எழுத்திலேயே கணினியில் எழுதிவைக்க இயலும். அந்த ஐந்தெழுத்தைப் பற்றி எக்கருத்துடையோராயினும், உரிய மன்றத்தில் உரியவர் எழுந்து பேசாவிடின் பிறர் தீர்மானித்ததே தீர்ப்பாகும் என்பதை அப்போது யாவரும் கண்டனர்.

1985 ஆம் ஆண்டின் வன்செயலில் திரியாயில் வீடுகள் எரிந்து மக்கள் இடம்பெயர்ந்தனர். சிலர் மீண்டனர், சிலர் திருக்கோணமலையில் தங்கினர், சிலர் கடல் கடந்தனர். இவ்வாறு சிதறிய ஊர்கள் எம் மாவட்டத்திற் பல. இன்று அவற்றை ஊராகப் பிணைத்து வைத்திருப்பன வற்சப், முகநூல், வைபர் முதலியவற்றிலுள்ள குழுக்களே. மரணச்செய்தி, கோயில் திருவிழா, பாடசாலைக்கு நிதி, பழைய புகைப்படம் யாவும் அவற்றின் வழியே செல்கின்றன. பழைய மாணவர் சங்கங்களும் அங்ஙனமே.

இக்குழுக்களின் சாவி யாரிடம் உள்ளது? பெரும்பாலும் முதலிற் குழுவைத் தொடங்கிய அன்பரிடம். அவர் கைப்பேசியை மாற்றலாம், நோயுறலாம், மனக்கசப்பால் விலகலாம். வற்சப்பில் நிர்வாகிகள் அனைவரும் நீங்கினால் எஞ்சியோருள் ஒருவரைச் செயலியே நிர்வாகியாக்கிவிடும். அவரை எவரும் தெரிவு செய்ததில்லை. சில சங்கங்களின் இணையத்தளம் ஒருவருடைய சொந்தப் பெயரில் பதிந்து, அவருடைய கடன் அட்டையால் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வருகின்றது. அவர் காலமானதும் அட்டை நிற்கும், பெயர் காலாவதியாகும், வேற்றார் ஒருவர் அதனை வாங்கி விற்பனைப் பலகை நாட்டுவர். ஊரின் ஐம்பதாண்டுப் புகைப்படங்கள் அதனோடு போகும். பெருநிறுவனங்களின் வலைகளில் ஐ.ஆர்.சி. வலையினர்போல் முறைப்பாடு கேட்டு, சான்று பார்த்து, உரியவரிடம் ஒப்புவிக்கும் தொண்டரைக் காணுதல் அரிது. ஆகவே அவ்வொழுங்கைச் சங்கமே செய்துகொள்ளல் வேண்டும்.

எமக்குத் தோன்றுவதைச் சுருங்கக் கூறுவோம். தொடர்பாளர் ஒருவரல்லர், இருவரேனும் வேண்டும். அவர்கள் ஒரே வீட்டினராயும் ஒரே நாட்டினராயும் இராதிருத்தல் நன்று. பொருளாளரைத் தெரிவதுபோல் பொதுக்கூட்டத்திலே அவர்களைத் தெரிந்து, கூட்டக் குறிப்பேட்டில் பெயரெழுத வேண்டும். எந்தெந்தக் குழு, பக்கம், தளம் சங்கத்துக்கு உரியன, எப்பெயரிற் பதிந்தன, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பவற்றைச் செயலாளர் தம் கோவையில் வைத்திருக்க வேண்டும். பதவி மாறும்போது வங்கிப் புத்தகத்தைக் கையளிப்பதுபோல் இவற்றையும் கையளித்தல் முறை. இளைஞரையே இதற்கு அமர்த்த வேண்டுமென்பது இன்றியமையாததன்று. தொழினுட்பம் சிறிதே போதும். பொறுமையும், குழு கூறியதைக் கூட்டாது குறையாது கூறும் நேர்மையும் மிகுதியாக வேண்டும். 2021 இல் திறம்படச் செயலாற்றிய தொடர்பாளரும், யாவர்க்கும் இரவிரவாக விடையிறுத்தமையாலேயே நினைக்கப்படுகின்றனர்.

லிபெரா வலை இன்றும் நடைபெறுகின்றது. மேட்ரிக்ஸ் என்னும் புதிய வலைக்கும் அதற்குமிடையே அமைந்திருந்த பாலம் 2023 ஆகஸ்ட்டில் நிறுத்தப்பட்டபோது, பாலத்தின் இருகரையிலும் உறுப்பினரைக் கொண்டிருந்த குழுக்கள் மறுபடியும் எக்கரையில் நிற்பதெனத் தீர்மானிக்க நேர்ந்தது. குழுப்பதிவு அங்கே இன்றும் கட்டணமின்றியே நடைபெறுகின்றது. தமிழில் மென்பொருளோ கலைக்களஞ்சியமோ ஊர் ஆவணமோ ஆக்கும் எக்குழுவினரும் விண்ணப்பிக்கலாம். அவர்கள் முதலிற் கேட்பது, உங்கள் சார்பிற் பேசுவோர் யாவர் என்பதே.